தமிழ்ப்ரியா அடிமாலிக்குப் போனாள்

அன்பு மகள் ஷிஜிக்கு,

மாதாவின் துணையால் இங்கே நான் சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்கக் காலையும் மாலையும் செபிக்கிறேன். போனில் உன் முகத்தைப் பார்த்தால் சொல்ல நினைத்தது வாயில் வருவதில்லை, அதற்குள் சிக்னலும் போய்விடுகிறது, அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்புகிற உன் சிநேகிதி டின்சி கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். சித்திரபுரத்தில் மழை விடவே இல்லை. பாதை வழுக்குவதால் உன் அப்பா கல்லறைக்குப் போயும் நாளாயிற்று.

நீ போன பிறகு இந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லாமல் போயிற்று. தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருக்கிற வயசுப் பெண்பிள்ளைகளைச் சனிக்கிழமைதோறும் நம் முன்னறைக்குக் கூப்பிட ஆரம்பித்ததுகூட அதனால்தான். முதலில் தமிழ்ப்ரியா ஒருத்திதான் வந்தாள், பிறகு அவளே மற்றவர்களைக் கூட்டி வந்தாள். நர்ஸ் ஒருவரை வரவழைத்து உடம்பைப் பற்றிப் பேச வைத்தேன், பஸ்ஸில் எவனாவது இடித்தால் சத்தம் போடப் பழக்கினேன், என்னவாக ஆசை என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். முதல் நாள் ஒருத்திக்கும் குரல் எழவில்லை, இப்போது ஒருத்தி முடிக்கும்வரை அடுத்தவள் பொறுப்பதில்லை. சாயா போட்டுக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து கேட்பேன். அவர்கள் போன பிறகுதான் கஷ்டம்.

பத்தாவது பாஸானதும் தமிழ்ப்ரியா வருவது நின்றது. விசாரித்தால், போடியில் ஒருத்தனுக்குப் பேசி வைத்திருக்கிறார்கள், பதினெட்டு ஆனதும் கல்யாணம், படிப்பு இனிமேல் கிடையாதாம். அவள் அப்பா அப்புசாமியிடம் போனேன். அவர் கோபப்படவில்லை ஷிஜி, பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஒத்தப் பிள்ளையப் படிக்க வச்சு அனுப்பிட்டு இப்ப ஒத்தையில கெடக்கீங்களே அக்கா, அந்தக் கதி எங்களுக்கும் வரணுமா என்று கேட்டார். திரும்பி வந்துவிட்டேன். லயம் முழுக்க அந்தப் பேச்சுத்தான், அந்தச் சனிக்கிழமை ஒரு பிள்ளையும் வரவில்லை, இருட்டும்வரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பூசை முடிந்து மறுபடியும் அவர் வாசலுக்குப் போனேன். ஆமா தம்பி, ஒத்தையிலதான் கெடக்கேன், சாயங்காலமானா வீடு கடிக்க வருது, ஆனா எம்மவ நாளைக்கு என்ன செய்வான்னு ஒரு நாளும் பயந்ததில்ல, அவ சொந்தக் கால்ல நிக்கா என்றேன். உள்ளேயிருந்து அப்புசாமியின் மனைவி சாந்தம்மாள் வந்தாள், கொழுந்து எடுக்கிற இடத்தில்கூட வாய் திறக்காதவள். பிள்ளை போகட்டும், அவ போன பொறவு தனியா இருக்கத நான் பாத்துக்கிடுதேன் என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

அப்புசாமியே போடிக்காரர்களுக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டார். தமிழ்ப்ரியா அடிமாலியில் ஹாஸ்டலில் தங்கிப் பிளஸ் ஒன் படிக்கிறாள். பஸ் ஏற்றிவிட நானும் போயிருந்தேன், சிரித்துக்கொண்டுதான் கைகாட்டினேன், வீட்டுக்கு வந்துதான் அழுதேன். மற்றப் பிள்ளைகள் திரும்ப வர ஆரம்பித்துவிட்டார்கள். போன சனிக்கிழமை அவர்கள் கலைந்த பிறகு சாந்தம்மாள் வந்து நின்றாள். என்ன சேதி என்றேன், சும்மாதான் வந்தேன்க்கா என்றாள். இரண்டு பேரும் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இருட்டிய பிறகும் அவள் எழவில்லை, நானும் போகச் சொல்லவில்லை.

ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணிபோல் காக்கட்டும். வெறும் வயிற்றோடு டியூட்டிக்குப் போகாதே. கிறிஸ்துமஸுக்கு வர முடியாதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடு மகளே, கடைசி நாள்வரை வழி பார்க்க வைக்காதே.

உன் அம்மா,
சந்தனமேரி