இரண்டேகால் அடிக் கட்டில்

மீன் ஊறுகாய் போடலாம் என்று இன்று வினிகர் பாட்டிலைத் திறந்தேன். மூடி கழன்றதுமே நீங்கள் அடுப்படிக்குள் வந்து நின்றது போல இருந்தது. அந்த வண்டியின் ஜன்னல் விளிம்புகளில் பிதுக்கித் தேய்த்தீர்களே சிலிகான் பசை, அதற்கும் இதே வாசனைதான். எட்டு மாதம் உங்கள் சட்டையில் அதைத்தான் துவைத்தேன். நீங்கள் போய் இப்போது ஐந்து மாதம் ஆகிறது. கல்லறைக்கு வந்தபோதெல்லாம் மகன் பக்கத்திலேயே நின்றதால் வாய் விட்டுக் கேட்க முடியவில்லை. ஆகவே எழுதிக் கேட்கிறேன். அந்த வண்டியில் நான் எங்கே படுப்பதாக இருந்தது?

பதில் வராது என்று தெரியும். உயிரோடு இருந்தபோதும் நேராகக் கேட்டதற்கு நேராகப் பதில் சொன்ன மனுஷன் இல்லை நீங்கள்.

நீங்கள் ஓய்வு பெற்ற மூன்றாவது ஞாயிறு என்று நினைக்கிறேன். கோர்படியில் ஆராதனை முடிந்து, சாங்வியில் இருக்கும் நம் வீட்டுக்குப் போகாமல் காரைச் சாகண் பக்கம் திருப்பினீர்கள். ஃபேக்டரி வேலை விட்டபிறகும் அந்த ரோடு உங்களை விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கொண்டுபோய் நிறுத்தியது ஒரு பழைய இரும்புக் கிடங்கில். சர்ச்சுக்குக் கட்டிய பட்டுச் சேலையோடு என்னைச் சேற்றில் இறக்கிவிட்டீர்கள். கருவேல மரத்தடியில் ஒரு மினி பஸ் நின்றது. யாரோ எப்போதோ ஆசைப்பட்டு உள்ளே அடுப்பு மேடை, அலமாரி, கழிப்பறை எல்லாம் வைத்து அதை வீடாக மாற்றியிருக்கிறார். அப்புறம் அலுத்துப்போய் மழையில் விட்டுவிட்டார். தரைப்பலகை அழுகி, மிதித்தால் கால் உள்ளே போனது. அலமாரியில் புறா குஞ்சு பொரித்திருந்தது.

"இத நாம சரி பண்ணிருவோம் ஏளா," என்றீர்கள். "நீயும் நானுமா இதுலயே கன்னியாகுமரி வரைக்கும் போவோம். லாட்ஜும் வேண்டாம், ஓட்டலும் வேண்டாம். நெனச்ச எடத்துல நிறுத்திப் படுத்துக்கிடலாம்."

நம்பினேன். இப்போது நினைத்தால் வயிறு எரிவது அதற்குத்தான்.

வண்டியை இழுத்துக்கொண்டுவந்து சாகணிலேயே ஒரு ஷெட்டில் போட்டீர்கள். கூரை எங்கெல்லாம் ஒழுகுகிறது என்று பார்த்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் மேலே ஏறி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற, உள்ளே சொட்டுகிற இடங்களை நான் சாக்பீஸால் வட்டம் போட்டேன். இருபத்தாறு வருஷம் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டிய கை. அதற்கு நீங்கள் கொடுத்த உத்தியோகம் அது.

"எங்க ஒழுகுது?" என்று மேலிருந்து கத்தினீர்கள்.

"எங்க ஒழுகலன்னு கேளுங்க," என்றேன்.

பத்தொன்பது வட்டம். தொப்பலாக நனைந்து மூன்று நாள் தும்மினேன். ஆனாலும் நீங்கள் இறங்கி வந்து, என் தலையைத் துவட்டிவிட்டு, "உன் கண்ணு இல்லன்னா இந்த வண்டியே இல்ல" என்று சொன்னதில் மயங்கிப்போனேன். மறுநாளே துருவைச் சுரண்ட உட்கார்ந்துவிட்டேன். ஆறு ஜன்னலுக்கும் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட துணி வாங்கித் திரை தைத்தேன். நல்ல கூலியில்லாத ஆள் கிடைத்தாள் உங்களுக்கு.

கடைசி இரண்டு மாதம் என்னை ஷெட் பக்கமே வரவிடவில்லை. பெயின்ட் நெடி எனக்கு ஆகாதாம். கட்டில் எந்தப் பக்கம் வருகிறது என்று நான் கேட்காத நாள் கிடையாது. "எல்லாம் முடிஞ்ச பொறவு பாரு" என்பதைத் தவிர உங்கள் வாயிலிருந்து வேறொன்றும் வராது. எனக்காக ஏதோ ரகசியமாகச் செய்கிறீர்கள் என்று நானே நினைத்துப் பூரித்துப்போனேன். அன்றைக்குக் காலையும் ஷெட்டுக்குத்தான் கிளம்பினீர்கள். ஒரு காலில் ஷூ மாட்டியிருந்தது. அடுத்ததை மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் திரும்பிப் போனபிறகு மகனோடு ஷெட்டுக்குப் போனேன். பாதியில் நின்ற வேலையை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று அப்போது அப்படி ஒரு வைராக்கியம். உங்கள் தச்சர் பன்சி மிஸ்திரி என் முகத்தையே பார்க்காமல் ஒரு தாளை நீட்டினார். ஃபேக்டரியில் வரைவது போலப் பென்சிலில், அம்புக்குறி போட்டு, உங்கள் கையால் வரைந்த படம். கட்டில், நீளம் ஆறடி. அகலம் இரண்டேகால் அடி. எண்ணிக்கை ஒன்று. எதிர்ப்பக்கம் கருவி மேசை, ஐந்தடி. உங்கள் ஸ்பானர்கள் காலை நீட்டிப் படுக்க ஐந்தடி.

"இன்னொரு கட்டில் எங்க?" என்று மிஸ்திரியிடம் இந்தியில் கேட்டேன்.

"ஒண்ணுதான் பாபிஜி. நானும் கேட்டேன், மேடம் எங்க படுப்பாங்கன்னு. சாஹிப் சிரிச்சார்." சொல்லலாமா என்று தயங்கிவிட்டு நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னார். "உஸ்கா தோ கர் ஹை நா."

அவளுக்குத்தான் வீடு இருக்கே.

மகனுக்கு முகம் செத்துவிட்டது. அவனுக்குத் தெரிந்த தமிழில் உங்களுக்கு வக்காலத்து வாங்கினான். "டென்ஷன் எடுக்காதீங்க மம்மி. வண்டிக்குள்ள ஜகா கம்மி, அதான் டாடி அப்படி போட்டிருப்பார். இத வித்துரலாம்."

எனக்கு வீடு இருக்கிறதா? யாருடைய வீடு அது? முப்பத்தொரு வருஷம் உங்களுக்கு நேரத்துக்குச் சோறும், உங்கள் அம்மாவுக்கு மாத்திரையும், மகனுக்கு டிபன் டப்பாவும் கொடுத்துக்கொண்டு நான் நின்ற இடம் அது. அதை எனக்கு எழுதி வைத்தது போலப் பேச உங்களுக்கு எப்படி மனசு வந்தது? சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சுவரில் ஒரு ஆணி அடிக்க நான் உங்களை விட்டதில்லை. உங்கள் ஸ்பானர் பெட்டியைப் பால்கனிக்குத் துரத்தியதும் நான்தான். அதற்காக? சண்டை போட்டிருக்கலாமே. தெருவே கேட்கும்படி கத்தியிருக்கலாமே. என்னை வைத்துத் துருவைச் சுரண்டி, என்னை வைத்தே திரையும் தைத்து வாங்கிக்கொண்டு, எனக்குத் தெரியாமல் ஒற்றை ஆளுக்கான வண்டி கட்டியிருக்கிறீர்கள்.

போன வாரம் ஒரு மத்தியானம் தனியாகப் போனேன். மிஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். கட்டிலில் புது மெத்தை பிளாஸ்டிக் உறையோடு கிடந்தது. உறையைக் கிழித்தெறிந்துவிட்டுச் செருப்புக்காலோடு படுத்தேன். வேண்டுமென்றேதான். ஆசை தீர உங்களைத் திட்டத்தான் படுத்தேன். தூங்கிப்போய்விட்டேன். காபி கேட்டு யாரும் கூப்பிடவில்லை. பக்கத்தில் குறட்டை இல்லை. புரண்டால் யார் மேல் கை படுமோ என்ற யோசனை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதில்லை.

எழுந்து அடுப்பு மேடை முன்னால் நின்று பார்த்தேன். எனக்கு நெஞ்சுக்கு வந்தது. உங்கள் உயரத்துக்குக் கட்டியிருக்கிறீர்கள். வீட்டில் ஒரு முட்டை பொரித்துத் தின்றதில்லை நீங்கள். தனியாக எங்கேயோ நிறுத்தி, நின்று, நீங்களே பொரித்துத் தின்ன நினைத்திருக்கிறீர்கள். அதை நினைத்ததும் கோபம் குறையவில்லை, கூடியது.

மிஸ்திரி எப்போதோ வந்து, என் தூக்கத்தைக் கெடுக்காமல் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "கட்டில அகலமாக்கிரவா பாபிஜி? டூல் மேசைய எடுத்தா ரெண்டு பேர் படுக்கலாம்," என்றார்.

"வேண்டாம். அந்த மேடைய மட்டும் அஞ்சு அங்குலம் எறக்குங்க," என்றேன். வண்டியை யார் ஓட்டுவது என்று மகன் கேட்கிறான். அது என் பாடு.

நீங்கள் எதற்கு ஆசைப்பட்டீர்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், இப்படி வேண்டும் என்று நீங்கள் வாயைத் திறந்து சொல்லியிருந்தால், எனக்கும் ஒன்று செய்யுங்கள் என்று சொல்லியிருப்பேன். முப்பத்தொரு வருஷம் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, இரண்டு பேரும் தனிக் கட்டிலுக்கு ஏங்கியிருக்கிறோம். அதை முதலில் தெரிந்துகொண்டு, சொல்லாமல் எழுந்து போனவர் நீங்கள். உங்களை நான் மன்னிக்கவில்லை.