சந்துப் பக்கம் வேண்டாம்

பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. தையல்நாயகி காலண்டர் தாளொன்றைக் கிழித்து, கணவர் கலியமூர்த்திக்கு எழுத உட்கார்ந்தாள். அழுத்திய அழுத்தலில் தாளில் இரண்டு இடத்தில் ஓட்டை விழுந்தது.

“கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குப் போயி மகளையும் அவ பெத்த பிள்ளையையும் அழைச்சிக்கிட்டு சாயங்காலம் வர்றேன். ஏ.சி. மாட்டுறவரு பதினோரு மணிக்கு வருவாரு. மாடிச் சாவி இலவச கிரைண்டருக்கு அடியில இருக்கு.

இந்தச் சின்ன ரூமுக்கு ஜன்னல் ஏ.சி.யே போதும்னு கடைக்காரர் சொன்னாரு. பிள்ளை தூங்கணும், சத்தமில்லாத ஸ்ப்ளிட்தான் வேணும்னு நீங்க ஒத்தைக் கால்ல நின்னீங்க. நானும் பூரிச்சுப் போனேன். நேத்து வக்கீல்கிட்ட நீங்க போன்ல பேசினதைக் கேட்டேன். வெளிப்பெட்டியைச் சந்துப் பக்கச் சுவத்துல மாட்டிட்டா, சந்து நம்ம அனுபவத்துல இருக்குன்னு கோர்ட்டுல காட்டலாமாமே! பச்சைப் பிள்ளை பேரைச் சொல்லியா பாத்தியதை தேடுறீங்க? சந்து யாருக்குங்கிற கேசு உங்க அண்ணன் தம்பிக்குள்ள. அதுக்கு, எதிர்ச் சுவத்து ஜன்னல்கிட்ட நின்னு சமைக்கிற உங்க அண்ணி மூஞ்சியில அனல் அடிக்கணுமா? பெட்டி மொட்டைமாடிக்குத்தான் போகணும். குழாய் நீளமா கொண்டாரச் சொல்லிட்டேன்.”

வாசல் வரை போனவள் திரும்பி வந்து, தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

“நான் சமைக்கலை. உங்க அண்ணிதான் உங்களுக்கும் சேத்து உலை வைக்கிறாங்க. ஒரு மணிக்குச் சந்துல போய் நில்லுங்க. அந்த ஜன்னல் வழியாத்தான் சோறு வரும்.”