கேரியர் என்ற ஒரு சொல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் இருக்கிறபடி இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேனே என்று பயந்துவிடாதே, போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நிற்கிறாள், அதனால் கடையில் தையல் மெஷின் பலகைமேல் தாளை வைத்து எழுதுகிறேன், வரி கோணலாகப் போனால் சிரிக்காதே. தம்பிக்கு இந்த மாதம் வலது கையும் எழவில்லை, சாப்பாடு நான்தான் ஊட்டுகிறேன். பத்தொன்பது வயதுப் பிள்ளை வாயைத் திறந்து காத்திருப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, அவனோ "ஓட்டல்ல கூட இவ்ளோ லேட் ஆகாதுப்பா" என்று கிண்டல் செய்கிறான். இதே தசை நோய் உள்ள பிள்ளைகளின் வீடுகள் நாற்பது சேர்ந்து போனில் குழு வைத்திருக்கிறோமே, அதில் புதிதாக வரும் தாய்மாருக்கெல்லாம் உன் அம்மாதான் ஆறுதல். நான் என் பங்குக்குப் பொத்தானுக்குப் பதில் ஒட்டுப்பட்டை வைத்த சட்டை தைத்து அனுப்புகிறேன். போன வாரம் ஒரு பையனுக்குத் தைத்தபோது, தையற்காரன் புத்தி, வளர்கிற பிள்ளை என்று உள்ளே இரண்டு விரல் துணி மடித்து விட்டுவிட்டேன். அவன் அம்மா கூப்பிட்டு, "எதுக்குண்ணே இவ்ளோ துணி விட்டிருக்கீங்க, அதைப் பிரிக்கிற வரைக்கும் இவன் இருப்பானா" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். குழந்தை பெறுவதற்கு முன் அம்மாவுக்குச் செய்த அந்த ரத்தப் பரிசோதனையை உனக்கும் செய்யச் சொல்கிறார்கள், செய்யட்டுமா என்று எழுதியிருந்தாய். தம்பிக்கு நோய் கண்டுபிடித்த அன்று டாக்டர் "அம்மாதான் கேரியர்" என்றார். நான் ஒரு மடையன், "கேரியர் எடுத்துட்டு வரலீங்க, கேன்டீன்லதான் சாப்பிடறோம்" என்றேன். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தனக்கு வராத நோய் தன் உடம்பிலிருந்துதான் பிள்ளைக்குப் போயிருக்கிறது என்று உன் அம்மாவுக்கு மட்டும் அப்போதே புரிந்துவிட்டது. இன்று குழுவில் தாய்மார் தங்களைச் சோத்துக் கேரியர் என்று கேலி பேசிக்கொள்கிறார்கள், உன் அம்மாதான் முதலில் சிரிக்கிறாள். ஆனால் எனக்குச் சாப்பாடு கட்டித் தந்த மூன்றடுக்குக் கேரியரை அன்றே பரண்மேல் போட்டவள், பதினான்கு வருஷமாக இறக்கவில்லை. அதே சொல்லை உனக்கும் ஒரு டாக்டர் சொல்லிவிட்டால் அவள் என்ன ஆவாளோ என்று நினைத்தாலே எனக்குக் கை ஓடவில்லை. வேண்டாம் என்று தடுக்கவும் வாய் வரவில்லை.

உன் கடிதத்தை மேஜைமேல் விரித்து வைத்தது என் தப்பு, தம்பி படித்துவிட்டான். மறுநாள் ஊட்டும்போது, "டெஸ்ட்ல இருக்குன்னு வந்தா, என்னை மாதிரி ஒருத்தன் வேணாம்னு அக்கா சொல்லிடுவாளாப்பா" என்று கேட்டான். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்து மிச்சச் சோற்றை ஊட்டினேன்.

பரிசோதனையைச் செய்துகொள்ளம்மா. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், வேளாவேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே, முடிவு எதுவானாலும் முதலில் தம்பியைக் கூப்பிட்டுச் சொல். அவனால் போனைத் தூக்க முடியாது, நான்தான் அவன் காதில் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீ சொல்வது எனக்கும் கேட்கும், பார்த்துப் பேசு.

இப்படிக்கு,
உன் அப்பா