நுனியிலிருந்து

முன்வரிசையில் இருந்த பெண் திரும்பியபோது தேங்காயெண்ணெய் வாசம் வந்தது. பின்னல்கள் தோளில் புரளும் கறுப்பினப் பெண். நம் வீட்டு எண்ணெய் இவர்கள் தலையிலும் மணக்கிறதே என்று முதலில் வியந்தவள் நீதான். அதைச் சொல்லப் பக்கத்து இருக்கைக்குத் திரும்பிவிட்டேன், தோழி. அங்கே என் கோட்டுத்தான் கிடந்தது.

லண்டன் லூயிஷாமில் அதே நூலக மேல்மாடி. கறுப்பின மக்களின் முடியையும் வாழ்வையும் பற்றிய படங்களை இன்னமும் சனிக்கிழமைகளில் காட்டுகிறார்கள். நீ கண்ணை மூடிய பிறகு நான் அந்தப் படி ஏறவில்லை. இன்றைக்கு உன் மகள் நிலா எடுத்த குறும்படம். "அன்ரி, அம்மாவும் இதில இருக்கிறா, கட்டாயம் வாங்கோ" என்று அழைத்திருந்தாள். உன் முகத்தைப் பார்க்கலாம் என்ற ஆசையோடு போனேன்.

நிலாவின் சுருள்முடியோடு நீ நடத்திய போர் நினைவிருக்கிறதா? நம் அம்மாமார் நமக்குச் செய்த அதே வைத்தியம்தான்: எண்ணெயை அப்பி, தண்ணீர் படாத தலையில் உச்சியிலிருந்து சீப்பை இழுத்து, இரட்டைப் பின்னல். பிள்ளை கத்துகிற கத்தலில் நான் பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வருவேன். "ஆடாதை! நாங்கள் படாத பாடோ?" என்று நீ அதட்டுவாய். உன் ஜமேக்காக் கணவரைக் கேட்டும் பயனில்லை. தாயில்லாமல் வளர்ந்த மனிதர், தலையும் வழுக்கை.

பிறகு சந்தையில் யாரோ தந்த துண்டுப் பிரசுரத்தைப் பார்த்து, "வாடி, படம் பாத்திட்டு வருவம்" என்று என்னை இழுத்துப் போனாய். திரையில் ஒரு தாய் மகளின் முடியைத் தண்ணீரால் நனைத்து, பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மெல்ல மெல்லச் சிக்கெடுத்தாள். நீ என் தொடையில் ஓங்கி அடித்தாய். "அடியேய், நுனியில இருந்தெல்லோ தொடங்கவேணும்!" மண்டபமே திரும்பியது. உன் தமிழ் யாருக்கும் விளங்கவில்லை. நீ கையால் இழுத்துக் காட்டியதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது, உனக்கென்ன!

அதன்பின் ஒரு சனிக்கிழமையும் விடவில்லை. ஒரு படத்தில், முடியை அடக்கிக் கட்டி வா என்று பள்ளிக்கூடம் ஒரு சிறுமியைத் திருப்பி அனுப்புகிறது. நமக்கு நடுவில் இருந்த நிலா, "அம்மா, என்ர தலைமயிரும் பிழையோ?" என்று கேட்டாள். பேருந்தில் வீடு வரும்வரை அவள் கையைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய்.

பதில் அடுத்த வாரக் கல்யாண வீட்டில் வந்தது. "பாவம் பிள்ளை, இதை நேராக்க ஏலாதோ?" என்று ஒரு மாமி கேட்டார். நீ உன் கொண்டையிலிருந்த மல்லிகைச் சரத்தை உருவி, நிலாவின் உச்சிக்கொண்டையைச் சுற்றி வைத்தாய். "எங்கட தலையில சறுக்கி விழுற பூ, இவளின்ர தலையில எப்பிடி நிக்குது பாருங்கோ." நிலா அந்தப் பூவைக் கழற்ற விடாமல் அப்படியே படுத்தாள்.

இன்றைய படத்தில் உன் முகம் இல்லை. சிறுவயதில் நிலா மேசையில் கைபேசியைச் சாய்த்து வைத்து எடுத்த காட்சி அது. அவள் தலையும் உன் கைகளும் மட்டும்தான் தெரிகின்றன. முகம் படச்சட்டத்துக்கு மேலே எங்கேயோ நின்றுவிட்டது. உன் விரல்கள் நனைந்த முடியை வகிடு பிரிக்கின்றன. ஒவ்வொரு சிக்குக்கும் உன் குரல் வருகிறது: "நோகுதோ? நொந்தாச் சொல்லு." நான் இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

விளக்கு எரிந்ததும் யாரோ அந்தக் கைகள் யாருடையவை என்று கேட்டார்கள். மேடையில் நின்ற நிலா தன் பெரிய சுருள்முடிக்குள் விரலை விட்டபடி, "அம்மா" என்றாள். ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் இருந்தேன். என் முடி இப்போது நரைத்து, கொட்டி, கொஞ்சம்தான் மிச்சம். ஆனாலும் நுனியிலிருந்துதான் வாருகிறேன். நோகுதோ என்று கேட்கத்தான் நீ இல்லை. நோகுதடி.