எடை பார்க்கும்வரை தொடக்கூடாது

என் அன்பு அப்பாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அழகுக்காக ஒரு வரிகூடச் சேர்க்கமாட்டேன். கலை அக்காவுக்கு ஜாக்கி லைசென்ஸ் கிடைத்துவிட்டது.

நீ காலையில் குதிரைகளை ஓட்டிப் பழக்கிய அதே ரேஸ் கோர்ஸில்தான், அப்பா. நீ விழுந்து, பிறகு எழாமலே போன அதே வளைவு. அதனால்தான் அக்கா ஜாக்கிப் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து அம்மா அவளோடு பேசவில்லை. ஈஜிபுராவின் ஒற்றை அறை வீட்டில் அது எப்படி இருக்கும் தெரியுமா? "அவளச் சாப்பிடச் சொல்லு" என்று அம்மா என்னிடம் சொல்வாள். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

நேற்றுக் காலை கடைசித் தேர்வுப் பந்தயம். அம்மாவை எப்படியோ அழைத்துப் போனேன். எங்கும் பனி. முதலில் தரை மட்டும் மெல்ல அதிர்ந்தது. பிறகு குதிரைகளின் தலைகள் மிதந்து வந்தன. அந்த வளைவில் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. அக்காவுக்குப் பக்கத்தில் குனிந்தபடி வந்தது நீயா? உண்மையை எழுதுவதாகச் சொன்னதால், அதைக் கேள்வியாகவே விடுகிறேன்.

அக்கா மூன்றாவதாக வந்தாள். இறங்கி, சேணத்தைக் கழற்றி மார்போடு அணைத்தபடி கம்பி ஓரமாக நடந்து வந்தாள். அம்மா கம்பிக்கு மேலே கையை நீட்டினாள். அக்கா சட்டென்று விலகிப் போய்விட்டாள்.

"தொடக்கூட விடமாட்டாளா?" அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"முட்டபேடி அம்மா, முட்டபேடி" என்று காவலர் வேறு, தொடாதீர்கள் என்று கன்னடத்தில் தடுத்தார்.

"கோபம் இல்லம்மா. சேணத்தோட தராசுல ஏறி எடை பாக்குறவரைக்கும் ஜாக்கியை யாரும் தொடக்கூடாது. தொட்டா ஓட்டுனதே செல்லாம போயிடும். விதிப் புத்தகத்துல படிச்சேன்" என்றேன் நான்.

"உங்கப்பா சொன்னதே இல்லியே."

"அப்பா பந்தயத்துல ஓட்டுனதே இல்லியேம்மா."

அம்மா கையை மடக்கிக்கொண்டு காத்திருந்தாள். அக்கா தராசிலிருந்து இறங்கி நேராகக் கம்பிக்கு ஓடி வந்தாள். "இப்பத் தொடும்மா."

அம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். "மூஞ்சி பூரா மண்ணு. முன்னாடி போயிருந்தா மண்ணு பட்டிருக்குமாடி?" அக்கா பள்ளியில் சேர்ந்த பிறகு அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு லைசென்ஸ் தருவதாக அதிகாரிகள் சொன்னபோதுகூட அவள் அழவில்லை.

இன்று விடிவதற்கு முன்பே எழுந்து அம்மா அவளுக்குக் காபி போட்டாள்.

"சர்க்கரை வேணாம்மா, எடை ஏறும்."

"ஒரு ஸ்பூனுக்குக் குதிரை படுத்துடுமா?"

அக்கா கிளம்பிப் போய்விட்டாள். அம்மா இன்னும் வாசலிலேயே நிற்கிறாள். அப்பா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அக்கா ஓட்டும் ஒவ்வொரு பந்தயத்திலும், அவள் தராசிலிருந்து இறங்கும்வரை அம்மாவின் கையை நான் பிடித்துக்கொண்டிருப்பேன்.

தெருவிளக்கு அணைந்தால் குதிரைகள் தடத்துக்கு வந்துவிட்டன என்று சொல்வாயே. இதோ, விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

உன் சின்ன மகள்,
தேன்மொழி