டிரில் மாஸ்டரின் கழுத்து

மார்ச் 3, செவ்வாய்

டிரில் மாஸ்டருக்கு வென்டிலேட்டரில் இன்று பன்னிரண்டாம் நாள். வாய்வழிக் குழாயை எடுத்துவிட்டு, படுக்கையிலேயே கழுத்தில் துளையிட்டு வேறு குழாய் வைக்க வேண்டும். கழுத்து என்று ஒன்று இருந்தால்தானே! தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கிறது.

ஸ்கேன் பார்த்துச் செய்யலாம் என்றேன். பெரிய சர்ஜன் சுட்டுவிரலைத் தூக்கிக் காட்டினார். "இருபது வருஷமா இதுதாம்மா என் ஸ்கேன்."

விரலாம், ஸ்கேனாம்!

மாஸ்டரின் மனைவி வெளியே என்னைப் பிடித்துக்கொண்டார். "அவர் கத்தினா மூணு தெருவுக்குக் கேக்கும் டாக்டர். அந்தச் சத்தம் எனக்குத் திரும்ப வேணும்." தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 4

ஒரு திட்டம். சிஸ்டரிடம் மட்டும் சொன்னேன். "மாட்டினா உங்களை எனக்குத் தெரியவே தெரியாது" என்றார்.

மார்ச் 5

சர்ஜன் கழுத்தைத் தடவி, பேனாவால் புள்ளி வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். திரைச்சீலைக்குப் பின்னால் ஒளித்திருந்த ஸ்கேன் மெஷினைத் திருட்டுச் சாமான் மாதிரி உருட்டி வந்தோம். சிரிப்பை அடக்க முடியவில்லை. புள்ளியின் மேல் வைத்துப் பார்த்தேன்.

நேர் கீழே ஒரு ரத்தக்குழாய். துடிக்கிறது. ஊசி இறங்கியிருந்தால் — ஐயோ!

"என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" சர்ஜன் வந்துவிட்டார். மெஷின் திரையைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். புள்ளியை அவரே ஸ்பிரிட்டால் துடைத்தார்.

"எங்க குத்தணும், சொல்லு."

புள்ளியிலிருந்து மூச்சுக்குழாயின் ஒரு வளையம் மேலே காட்டினேன். ஊசி இறங்குவதைத் திரையில் பார்த்துக்கொண்டே செய்தோம். ரத்தம் சொட்டுக் கணக்குதான்.

மார்ச் 6

தலைகால் புரியவில்லை எனக்கு. பார்ப்பவர்களிடமெல்லாம் நேற்றைய கதைதான். "போதும் டாக்டர், வாய் வலிக்கப்போகுது" என்றார் சிஸ்டர்.

மார்ச் 24

பேசுவதற்கான மூடியைக் குழாயில் மாட்டினோம். மாஸ்டரின் முதல் பேச்சு, பிசியோதெரபிஸ்டிடம்: "கூன் போடாத! நிமிர்ந்து நில்லு!" மனைவி அழுதுகொண்டே சிரித்தார். நானும்தான்.

ஏப்ரல் 7

புது நோயாளி, ஒரு தையல்காரர். இவருக்கும் கழுத்தில் அதே குழாய் வைக்க வேண்டும். மெலிந்த கழுத்து, வளையங்களைக் கண்ணாலேயே எண்ணலாம். எனக்கோ அகோரப் பசி. "இந்தக் கழுத்துக்கு எதுக்கு சிஸ்டர் ஸ்கேன்?" என்று நானே தடவிப் பார்த்து இடம் குறித்தேன். கையுறை மாட்டிக்கொண்டு திரும்பினால், படுக்கையருகே மெஷின் நிற்கிறது. உருட்டி வந்தவர் பெரிய சர்ஜன்.

"ஜெல் போடட்டுமாம்மா?"

காதெல்லாம் சுட்டது.

"போடுங்க சார்."