கண்ணுக்குத் தெரியாத களிம்பு

ஏப்ரல் 9
என் சாம்ராஜ்யம் நலம். ஒரு சொட்டு வெயில்தடுப்புக் களிம்புக்குள் வாழும் என் குடிமக்களை எண்ணினால் உலகத்து ஜனத்தொகை வெட்கப்படும். எல்லாம் துத்தநாகத் துகள்கள், கண்ணுக்கே தெரியாத பொடியன்கள். அத்தனை பேருக்கும் சிலிக்காவில் சட்டை தைத்துப் போட்டவன் நான். சட்டையில்லாமல் விட்டால் வெயில் பட்டதும் தோலோடு வம்புக்குப் போய்விடுவார்கள்.
இப்பேர்ப்பட்ட சக்கரவர்த்தியான நான் இன்று ராத்திரி உடோன் நூடுல்ஸை நின்றபடியே சாப்பிட்டேன். உட்கார்ந்தால் காலியான எதிர் நாற்காலி தெரிகிறது.

ஏப்ரல் 11
பொழுது சாய்ந்ததும் கோஹரு வந்தாள். தங்கை தொமொயேவின் ஒரே மகள், பத்தொன்பது வயது. வெயில் பட்டால் தோலுக்கடியில் தீப்பிடிக்கும் அவளுக்கு. வெளியே ஒரு தடிப்புகூட இருக்காது. சின்ன வயதிலிருந்தே 'வெயில் ஒவ்வாமை' என்று சொல்லி டாக்டர்கள் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள். இருட்டிய பிறகுதான் நடமாட்டம். என் வீட்டுக்கு வருகிற ஒரே ஜீவன்.
"மாமா, எங்க தோட்டத்துல பீச் பழத்துக்கெல்லாம் காகிதப் பை மாட்டி வெயில் படாம வளக்குறாங்க. என்னையும் சேத்துத்தான். ஆனா பழத்துக்கு ஜூலை மாசமானா பையக் கழட்டிடுறாங்க."
வரும் ஜூனில் பை மாட்டும் வேலைக்கு மற்ற பெண்களோடு பகலில் போக வேண்டுமாம். முடியாவிட்டால் ஒசாகாவில் கிடங்கு வேலை, ராத்திரி ஷிஃப்ட்.
"இந்த வருஷமும் வீட்டுக்குள்ளயே இருந்தேன்னா கெளம்பிடுவேன் மாமா."
"சூரியன் இனிமே எங்கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் உன்னத் தொடணும்" என்றேன். சிரித்தாள். அவள் போனபின் வீடு ரயில் நிலையம் அளவுக்குப் பெரிதாகிவிட்டது.

ஏப்ரல் 24
துகள்களுக்குத் தனிமை பிடிக்காது. கண்ணசந்தால் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். கட்டியானால் முகம் சுண்ணாம்படித்த மாதிரி ஆகும். அவற்றைப் பிரித்துப் பிரித்துத் தனித்தனியாக நிறுத்துவதுதான் என் உத்தியோகம். இதற்குச் சம்பளம் வேறு.
இன்று முன்னெப்போதையும்விடப் பொடியாக அரைத்தேன். எங்கள் களிம்புக் கம்பெனி மேலாளர் கதயாமா கையில் பூசிப் பார்த்துவிட்டு, "ஒகுமுரா சார், பூசுனீங்களா இல்லையா?" என்றார். முப்பது வருஷ உழைப்பில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை.

மே 3
தோற்றேன்.
கோஹரு என் புதுக் களிம்பை முகம், கழுத்து, கை எல்லாம் பூசிக்கொண்டு அவர்கள் தோட்டத்து ஓரத்தில் நின்றாள். தேநீர் ஆறுவதற்குள் அழுதுகொண்டே உள்ளே ஓடிவந்தாள். ஐஸ் வாளிக்குள் கையை விட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.
நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன சொன்னேன்? "பயத்துல எரியிற மாதிரி இருக்கோ என்னவோ."
அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்க வீட்டு ஜன்னல் மாதிரியே எங்க வீட்டுலயும் புற ஊதா மறைக்கிற தாள் ஒட்டுனீங்களே, அதுக்குப் பின்னாடி உக்காந்தும் எரிஞ்சுது மாமா. அப்பவே சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."
தொமொயே என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். "போயிட்டு வாண்ணா" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மே 4
வரவில்லை.

மே 6
வரவில்லை. ஜன்னல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 8
மடையா. மடையா. அந்தத் தாளை அளந்து பார்த்தவனே நீதானே? புற ஊதாக் கதிர் ஒரு துளி உள்ளே வராது. பிறகு எது வந்து சுட்டது? நாம் கண்ணால் பார்க்கிற வெளிச்சம்தான். வானவில்லின் ஊதா ஓரம்.
என் களிம்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று அரைத்தேன். தெரியாமல் இருக்க வேண்டுமானால் பார்க்கும் வெளிச்சத்துக்கு வழிவிட வேண்டும். விட்டேன். சிவப்புக் கம்பளம் விரித்து விட்டேன். அது நேராகப் போய் பிள்ளையைச் சுட்டது.
தொமொயேவுக்குப் போன் செய்தேன். சுடுவது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் என்று டாக்டரிடம் சொல்லி, ரத்தப் பரிசோதனை கேட்கச் சொன்னேன்.

மே 19
ரத்தத்திலேயே வெளிச்சத்தோடு சண்டை போடும் சரக்கு சேர்ந்திருக்கிறதாம். நோய்க்கு என்னால் வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. கனமான நிறக் களிம்பும் துணியும் கொஞ்ச நேரம் தாங்கும், தீர்க்காது என்றாராம் மருத்துவர்.
கொஞ்ச நேரம் போதும் டாக்டர்.

மே 22
பொடியன்களோடு, பார்க்கும் வெளிச்சத்தையும் மறிக்கிற தடியன்களைச் சேர்த்தேன். பெரிய டைட்டானியம் துகள், இரும்பின் சிவப்புத் துரு, மஞ்சள் துரு. கதயாமா எட்டிப் பார்த்தார்.
"சார், இது முகத்துக்கா, சுவத்துக்கா?"
"நடக்குற சுவரு."
"யாரு வாங்குவா இத?"
"ஒரே ஒருத்தி."
அவர் போகாமல் நின்று, கலக்கும் துடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

மே 27
கோஹரு புதுக் களிம்பைப் பூசிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். "மிசோ பானைக்குள்ள விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கேன்." சோயா விழுதின் அதே பழுப்புதான்.
அன்றைக்குச் சொன்னது தப்பு என்றேன். "தெரியும்" என்றாள். நானும் ஒரு கை அள்ளி என் முகத்தில் அப்பிக்கொண்டேன்.
"உங்களுக்கு எதுக்கு மாமா?"
"ஊரு சிரிச்சா ரெண்டு பேரப் பாத்துச் சிரிக்கட்டும்."
வெயிலில் போய் நின்றோம். தேநீர் ஆறியது. நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
"எரியல" என்றாள். பிறகு மெதுவாக, "வெறும் சூடா இருக்கு. வெயிலுன்னா இவ்வளவுதானா மாமா?"
நான் செடியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 7
காலையில் ஒரு பொழுது வேலை, பிறகு நிழல். தொப்பி, கையுறை, மிசோ. தோட்டத்துப் பெண்கள் 'மிசோ பொண்ணு' என்கிறார்களாம். "நக்கிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாளாம் இவள். ஒசாகா பேச்சே இல்லை. சூரியன் சரணடைந்தான். வரலாற்றில் பொறிக்க வேண்டும்.

ஜூன் 14
பகலில் வேலை செய்கிறாள், இருட்டியதும் தூங்கிவிடுகிறாள். ஊரில் எல்லோரும் அப்படித்தானே? அவளும் எல்லோரையும்போல ஆக வேண்டும் என்றுதானே அரைத்தாய்? பிறகென்ன.

ஜூன் 23
மழை. வேலை இருக்காது, வருவாள் என்று இரண்டு கிண்ணம் எடுத்தேன். ஒன்றைத் திரும்ப வைத்தேன்.

ஜூலை 19, ஞாயிறு
நடுப்பகலில் அழைப்பு மணி. அந்த நேரத்தில் என் வீட்டுக்கு யாரும் வந்ததில்லை. பார்சல்காரன் என்று நினைத்துச் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன்.
"கதவத் தெறங்க மாமா. வெயில்ல நிக்கிறேன்."
மிசோ முகம், கையில் பை கழற்றிய வெள்ளைப் பீச் இரண்டு. "ராத்திரி வர முடியல, தூக்கம் வந்துடுது. இனிமே ஞாயித்துக்கெழம மதியம் வரட்டா?" யோசித்துச் சொல்கிறேன் என்றேன், சக்கரவர்த்தி இல்லையா. கேட்டுக்கொண்டே பழத்தை நறுக்க ஆரம்பித்துவிட்டாள்.
போனபின் பார்த்தேன், எதிர் நாற்காலி முதுகில் பழுப்பாக ஒரு தீற்றல். என்னுடைய அந்த உயர்ந்த களிம்பாக இருந்தால் அடையாளமே தெரிந்திருக்காது.
இரவு உடோன். உட்கார்ந்து சாப்பிட்டேன்.